"அது எங்கே போச்சு?": 9, 10-ஆம் வகுப்பு வேதியியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. எந்தக் கேள்வியிலிருந்து வேண்டுமானாலும் படிக்கத் தொடங்கலாம். ஆனால் எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: "அது எங்கே போச்சு?" வேதியியலில் பாதி, வரவு செலவுக் கணக்கு. கணக்கு இடிக்கிற இடத்தில் நின்று "எது போனது, எது வந்தது" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், சமன்பாடுகளை உருப்போடும் வேலை நன்றாகவே குறைந்துவிடும்.

கரி எரிந்தால் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. அப்புறம் எப்படி "நிறை மாறாது" என்கிறார்கள்?

சாம்பலை மட்டும் எடை போட்டால் குறைந்துதான் தெரியும். கரியில் பெரும்பகுதி கார்பன். 12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எரிந்து முடிந்ததும் கிடைப்பது 44 கிராம் கார்பன் டைஆக்சைடு. அது கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போய்விடுவதால் நம் கணக்கில் வருவதில்லை. மிஞ்சுகிற சாம்பல், கரியிலிருந்த எரியாத தாதுப் பொருள்கள்.

பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அது எரிந்து வெளியேறும் கார்பன் டைஆக்சைடு மட்டும் சுமார் 2.3 கிலோ இருக்கும். முக்கால் கிலோ போட்டால் இரண்டே கால் கிலோ வருமா என்று யாரும் முதலில் நம்புவதில்லை. மீதி எடை, என்ஜின் வழி நெடுக உள்ளே இழுத்த காற்றிலிருந்த ஆக்சிஜனுடையது. பெட்ரோல் டேங்கை மட்டும் பார்க்கிறோம், காற்றை மறந்துவிடுகிறோம்.

பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசிய நாடாவை எரித்துக் காட்டுவார்கள். அங்கே கணக்கு எதிர்ப்பக்கம் போகும். 24 கிராம் மெக்னீசியம் எரிந்தால் 40 கிராம் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும், ஏனென்றால் இங்கே விளைபொருள் பறந்து போகாமல் அப்படியே தங்கிவிடுகிறது. இந்த எடைக் கூடுதலைப் பிடித்துக்கொண்டுதான் பிரான்ஸில் லவாய்சியர் வேலை செய்தார். அதற்கு முன்பு, எரியும் பொருளிலிருந்து "ஃபுளோஜிஸ்டன்" என்று ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மூடிய பாத்திரத்துக்குள் எரித்து, முன்னும் பின்னும் எடை போட்டார். எடை மாறவில்லை. 1789-ல் வந்த அவருடைய பாடநூலுக்குப் பிறகு, வேதியியலில் தராசு இல்லாமல் பேச முடியாது என்றாகிவிட்டது.

இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம்: தேர்வில் குழம்பாமல் எப்படிப் பிரிப்பது?

"திரும்பக் கொண்டுவர முடியுமா" என்று பார்ப்பதைவிட, "புதுப் பொருள் வந்ததா" என்று பார்ப்பது நல்லது. டப்பாவில் வைத்த கற்பூரம் நாளாக ஆகக் கரைந்து சிறுக்கிறது. அது பதங்கமாதல், இயற்பியல் மாற்றம். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனையும் கற்பூரம்தான், வாயுவாக இருக்கிறது, அவ்வளவுதான். அதே கற்பூரத்தைத் தட்டில் ஏற்றினால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் கரிப்புகையும் வருகின்றன. அங்கே கற்பூரம் இல்லை. அது வேதியியல் மாற்றம்.

சுண்ணாம்பைப் பற்றி மூன்று சமன்பாடுகள் வருகின்றன. எதற்கு எது என்று மறந்துபோகிறது.

இது எனக்கு மிகவும் பிடித்த பாடம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். ஒரு பழைய தகர டிரம்மில் கல் சுண்ணாம்பைக் கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றுவார்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு கட்டி மெல்ல வெடிக்கும், பக்கத்தில் இன்னொன்று. சீறிக்கொண்டு குமிழி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் மொத்த டிரம்மும் தளதளவென்று கொதித்து ஆவி பறக்கும். கீழே அடுப்பு கிடையாது. "கிட்டப் போகாதே, கண்ணுல தெறிச்சா போச்சு" என்று எங்களைத் திண்ணைக்கு விரட்டிவிடுவார்கள். நெருப்பே இல்லாமல் கொதிப்பது எப்படி என்ற கேள்வி அப்போதே எனக்குள் ஒட்டிக்கொண்டது.

கணக்கைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கும்போது 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் கார்பன் டைஆக்சைடு போய்விடும். மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம்.

டிரம்மில் நடப்பது இரண்டாவது வினை. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாக, கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. வெப்பம் வெளிவருகிறது, இது வெப்ப உமிழ் வினை. டிரம்மைக் கொதிக்க வைத்தது அந்த வெப்பம்தான்.

மூன்றாவது வினை சுவரில் நடக்கிறது. அடித்த சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்ளும். 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு 44 கிராமை வாங்கிக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகிறது. காளவாயில் போன 44-ம் திரும்பி வந்தது, டிரம்மில் சேர்ந்த 18-ம் வெளியே போய்விட்டது. சுவரில் இப்போது மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பது, முதலில் வெட்டியெடுத்த அதே சுண்ணாம்புக் கல். இந்தச் சுற்றை ஒரு வட்டமாக வரைந்து எண்களைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு மறக்காது.

மோல் என்றால் என்ன? எதற்கு இவ்வளவு பெரிய எண்?

ஹார்டுவேர் கடையில் ஆணியை யாரும் எண்ணித் தருவதில்லை. கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துத்தான் தருகிறார்கள். ஒரு ஆணியின் எடை தெரிந்தால் கால் கிலோவில் எத்தனை என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். மோல் அதே வேலைதான்: எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுவது.

வினைகள் நடப்பது எண்ணிக்கையில். ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு என்றுதான் சேருமே தவிர, ஒரு கிராமுக்கு ஒரு கிராம் என்று சேராது. நம் கையில் இருப்பதோ தராசு. ஆகவே தராசுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே ஒரு பாலம் தேவைப்படுகிறது. 12 கிராம் கார்பனில் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ, அத்தனை மூலக்கூறுகள் 18 கிராம் தண்ணீரில் இருக்கும், அத்தனை சோடியம் குளோரைடு இணைகள் 58.5 கிராம் உப்பில் இருக்கும். அந்த எண்ணிக்கை 6.022 × 10²³. 2019 மே 20 முதல் இந்த எண்ணையே நிலையாக வைத்து மோலை வரையறுக்கிறார்கள். அவகாட்ரோ எண் என்று பெயர் இருந்தாலும் அவகாட்ரோ இதைக் கணக்கிடவில்லை. 1811-ல் அவர் முன்வைத்த கருத்துக்கு மரியாதையாகப் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் அது.

எவ்வளவு பெரிது என்று பார்க்க, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. அதிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றரைக் கோடி கோடி கோடிக்கும் மேல். அச்சுப் பிழை இல்லை, கோடியை மூன்று முறை போட வேண்டும்.

குளோரினின் அணு நிறை 35.5 என்கிறார்கள். அரை நியூட்ரான் உண்டா?

கிடையாது. குளோரினில் நிறை எண் (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 35 உள்ள அணுக்களும் 37 உள்ள அணுக்களும் கலந்திருக்கின்றன, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். 35.5 என்பது சராசரி. அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை.

அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்றால், எவ்வளவு வெற்றிடம்?

ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்வோம். அதன் கருவை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கிச் சேப்பாக்கம் மைதானத்தின் நடுவில் வைத்தால், அணுவின் விளிம்பு ஏறக்குறைய பவுண்டரிக் கோடு வரை போகும். அவ்வளவு இடத்துக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். எடை கிட்டத்தட்ட மொத்தமும் அந்தக் கடுகில். கரு இருப்பதை ரூதர்ஃபோர்டு 1911-ல் அறிவித்தார்.

சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும், குளோரின் விஷவாயு. இரண்டும் சேர்ந்த உப்பை எப்படிச் சாப்பிடுகிறோம்?

உப்பில் இருப்பது சோடியம் அணுவும் குளோரின் அணுவும் அல்ல, அவற்றின் அயனிகள். சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் கடைசி ஒன்று அதற்குச் சுமை, எப்போது யாரிடம் தள்ளலாம் என்று இருக்கும். குளோரினுக்கு 17, இன்னும் ஒன்று கிடைத்தால் வெளிக்கூடு நிறைந்துவிடும். கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் இரண்டும் அடங்கிவிடுகின்றன. வெடிக்கும் குணமும் நச்சுக் குணமும் அந்தப் பரிமாற்றத்துக்கு முந்தையவை. சேர்மத்தின் குணம் அதன் தனிமங்களின் குணங்களைக் கூட்டி வருவதில்லை என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்குமே, அதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மழைக்காலத்தில் கல் உப்பு ஏன் கசிகிறது?

கசியவைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு இல்லை. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு, பலவகை கலந்து. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற அவை ஒவ்வொன்றாகப் படிகின்றன. கால்சியம் சல்பேட் முன்னாலேயே படிந்துவிடும், பிறகு சாப்பாட்டு உப்பு, கடைசியில் மிஞ்சும் கசப்பான நீரில் மெக்னீசியம் உப்புகள். அந்தக் கடைசி நீர் கொஞ்சம் உப்புக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தால், அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்கள். ஈயம் விஷம் இல்லையா? அடுப்பில் உருகாதா?

ஒரே கேள்வியில் இரண்டு விஷயம். முதலாவது, பெயர்க் குழப்பம். தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம், அணு எண் 50. நச்சுள்ளது காரீயம், அணு எண் 82. வேதியியல் புத்தகத்தில் வெறுமனே "ஈயம்" என்றிருந்தால் இரண்டில் எது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சொம்பு வாங்கும்போதும் காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமா என்று நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்க வேண்டும், பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, உருகுவது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் சுடர் அதைப்போலப் பல மடங்கு சூடு. ஆனாலும் ரசம் கொதிக்கிறது, சொம்பு நிற்கிறது. "முதல்ல புளித்தண்ணிய ஊத்து, அப்புறம் அடுப்பைப் பத்த வை" என்று பாட்டிமார் சொல்வதில் உள்ளுறை வெப்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது ஆவியாக்கும் வேலைக்குப் போய்விடும், வெப்பநிலையை ஏற்றாது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 290 கிலோஜூல் அளவுதான் வேண்டும். கொதிக்கிற அதே தண்ணீரை முழுதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. வெறும் சொம்பை அடுப்பில் மறந்து வைத்தால் அந்தக் காவல் இல்லை, அடி உருகி ஓடிவிடும்.

கொதிநீரைவிட நீராவி பட்டால் காயம் மோசமாவதும் இதனால்தான். தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அந்த 2,260-ன் கணக்கை அங்கேயே இறக்கிவிடும்.

அப்படியானால் குக்கரில் மட்டும் எப்படிச் சீக்கிரம் வேகிறது?

கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது. குக்கருக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். ஊட்டியில் நேர்மாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அங்கே நேரமாகும்.

வெப்பமும் வெப்பநிலையும் வேறா?

வேறு. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிக்கும்போது கையில் வந்து விழும் பொறிகள் 1,000 டிகிரிக்கும் மேல் சூடானவை, இரும்புத் தூள் எரிவது. ஆனால் பெரிதாகச் சுடுவதில்லை, ஏனென்றால் ஒரு பொறியின் நிறை மிகமிகக் குறைவு, அதிலுள்ள மொத்த வெப்பமும் குறைவு. எரிந்து முடிந்த கம்பியின் வெப்பநிலை அதைவிடக் குறைவுதான். மிதித்தால் கால் பொசுங்கிவிடும். கம்பியைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்வது அதனால்தான்.

அமிலமா காரமா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

மஞ்சள் தூள் போதும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள். சட்டையில் விழுந்த சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் சிவப்பதும் அதே வினை, சோப்பு காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். காகிதத்தில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்துத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு குறை: அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் அது பிரித்துக் காட்டாது, இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அதற்குச் செம்பருத்திப் பூச் சாறு நல்லது.

பி.எச். அளவில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். பி.எச். 2 உள்ளது, பி.எச். 4 உள்ளதைவிட நூறு மடங்கு. இரண்டு மடங்கு என்று எழுதித்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இரும்பு துருப்பிடித்தால் எடை கூடுமா, குறையுமா?

துரு உதிராமல் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கூடும். 112 கிராம் இரும்போடு 48 கிராம் ஆக்சிஜன் சேர்ந்து 160 கிராம் ஆக்சைடு, அதோடு கொஞ்சம் தண்ணீரும் சேரும். துருவுக்குக் காற்று, ஈரம் இரண்டும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வினை வேகமெடுக்கும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் பெயின்டும் பராமரிப்புமாக உப்புக் காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அரிப்பைப் பற்றி ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கே இது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தனிம வரிசை அட்டவணைக்கு மெண்டலீவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1869-ல் அவருக்குத் தெரிந்த தனிமங்கள் 63. இன்று 118. இருந்ததை அடுக்கியவர்கள் வேறு சிலரும் உண்டு. மெண்டலீவ் இல்லாததற்கும் இடம் விட்டார், அங்கே வரப்போவதன் குணத்தையும் எழுதிவைத்தார். அலுமினியத்துக்குக் கீழே அப்படி ஒரு காலியிடம், அடர்த்தி 6-ஐ ஒட்டி இருக்கும் என்று கணித்தார். 1875-ல் பிரான்ஸில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அளந்தவருக்கு அடர்த்தி 4.7 வந்தது. மறுபடி அளந்து பாருங்கள், 5.9 இருக்க வேண்டும் என்றார் மெண்டலீவ். அந்த உலோகத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சுத்தப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. காலியம் 29.8 டிகிரியில் உருகும், சென்னைக் கோடையில் மேசைமேல் வைத்தாலே ஓடிவிடும்.

ஆய்வகத்திலும் வீட்டிலும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது எது?

அடர் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் மேலே விழுந்த தண்ணீர் உடனே கொதித்து அமிலத்தை முகத்தில் தெறிக்கும்.

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். "ரெண்டும் போட்டா நல்லா வெளுக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. வருவது குளோரின் வாயு, கதவு மூடிய சின்னக் குளியலறையில் உயிருக்கே ஆபத்து. இதை வீட்டில் துடைப்பவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறொரு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உறிஞ்சு குழாயால் மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடக் கூடாது. பால்போல் வெளுக்கும். உங்கள் மூச்சிலிருந்த கார்பன் டைஆக்சைடு, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும், இப்போது அது கால்சியம் பைகார்பனேட், கரையக்கூடியது. போர் தண்ணீரில் இருக்கும் உப்புகளில் இதுவும் ஒன்று. ஹீட்டரில் சூடாகும்போது திரும்பவும் கார்பனேட்டாகிச் சுருளில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. வினிகர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போகும், அந்த நுரையும் கார்பன் டைஆக்சைடுதான்.

ஊத விருப்பமில்லை என்றால், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில். காலையில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மேல்மட்டத்தில் பாலாடைபோல ஒரு மெல்லிய ஏடு மிதக்கும். விரல் வேண்டாம், ஒரு குச்சியால் தொடுங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடையும். ராத்திரி உங்கள் அறைக் காற்றிலிருந்து வந்த கல் அது.